கருவில் மெலியும் சிசுவும் பிராணி ஆராய்ச்சியும்

நம் கல்லூரித் தமிழ்ச் சங்கத்தில் அண்மையில் ஒரு சொற்போர் நிகழ்ந்தது. மனிதர் நோயை அறியும்பொருட்டுப் பிராணிகளை வருத்துதல் தகுமோ என்பதே பொருள். தகும் என்ற கட்சியார் மருத்துவத்தின் வெற்றிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக் கூறினர். தகாது என்ற கட்சியார், புறாவின்பொருட்டுத் தன் தசையை அரிந்து துலாக்கோலில் இட்ட சிபியையும், கன்றை இழந்த பசுவின்பொருட்டுத் தன் மைந்தனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனையும் எடுத்துக்காட்டிக் கைதட்டல் பெற்றனர். அவைத்தலைவர் இருதிறத்தாரையும் புகழ்ந்து கூட்டத்தை முடித்தனர். வீடு திரும்பும் வழியில் எனக்கு ஒரு குறை தோன்றிற்று. இரு கட்சியாரும் பிராணிகளைப்பற்றிப் பொதுவிற் பேசினரேயன்றி, எந்த நோய், எந்தப் பிராணி, எந்த வினா என்று ஒருவரும் கேட்டாரில்லை. அங்ஙனம் கேளாதவரையில் இவ்வழக்குத் தீர்வதற்கு வழியில்லை. ஆதலின் ஒரே ஒரு நோயை எடுத்துக்கொண்டு, அதில் பிராணிகள் நமக்குக் கற்பித்தது யாது, நாம் கற்கத் தவறியது யாது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய விரும்புகிறேன். அந்நோய், தாய் வயிற்றிலேயே சிசு வளர்ச்சி குன்றுதல்.

பிறக்கும்போது இரண்டரைக் கிலோவிற்குக் குறைந்த எடையுள்ள குழந்தையை எடை குறைந்த குழந்தை என்று மருத்துவர் கூறுவர். 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 98 இலட்சம் குழந்தைகள் இங்ஙனம் பிறந்தன என்பது உலக நலவாழ்வு நிறுவனமும் யூனிசெப் நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட கணக்கு. நம் நாட்டில் 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, எடை குறிக்கப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 18 பேர் அவ்வகையினர். இவருள் ஒரு சாரார் மாதம் நிரம்பாமற் பிறந்தமையாற் சிறியவர். அவருக்குக் காலமே குறை. ஒரு சாரார் பெற்றோரைப்போல இயல்பிலேயே சிறிய உருவினர். அவருக்குக் குறை ஒன்றுமில்லை. மற்றொரு சாராரோ, வளரவேண்டிய அளவிற்கு வளர இயலாமல், உணவும் பிராணவாயுவும் போதாமற் கருவிலேயே மெலிந்தவர். நாம் பேசவந்தது இம்மூன்றாம் சாராரைப் பற்றியே.

இவர்தம் மெலிவிற்குப் பெரும்பான்மையும் காரணமாவது நஞ்சுக்கொடியின் குறை. பிள்ளை பிறந்தபின் வெளிப்படும் இவ்வுறுப்பை நம்மவர் நஞ்சு என்று ஒதுக்கி மண்ணிற் புதைத்துவிடுவர். பெயர் அதுவாயினும், பத்துத் திங்களும் சிசுவுக்கு நுரையீரலாகவும், குடலாகவும், சிறுநீரகமாகவும் நின்று உழைப்பது அதுவே. மனிதக் கரு பதிந்தபின், அதன் நஞ்சுக்கொடியைச் சார்ந்த அணுக்கள் தாயின் கருப்பைச் சுவரினுள் ஆழச் சென்று, அங்குள்ள சுருள் நாளங்களை அகன்ற வாய்க்கால்களாக மாற்றுகின்றன. இம்மாற்றம் செவ்வையாக நிகழாவிடின், தாய் எவ்வளவு உண்டாலும் இரத்தம் போதிய அளவிற் சென்று சேராது. மதகு அடைபட்ட ஏரியில் நீர் நிரம்பியிருப்பினும் கடைமடை வயல் காய்வதைப் போன்றது இது. நோய் இன்னதென்று அறிந்தும், இதனைக் கருவிலேயே தீர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. சிசுவை அடிக்கடி நோக்கி, உள்ளே இருப்பது வெளியே வருவதினும் ஆபத்தானது என்று தோன்றும் நாளில் பிரசவம் செய்விப்பதொன்றே மருத்துவர் செய்யக்கூடியது.

இனிப் பிராணிகள் இவ்விஷயத்தில் ஏன் வேண்டும் என்பதைக் காண்போம். கருவுற்ற தாயொருத்தியின் இரத்தக்குழாயைக் கட்டிச் சிசு என்னாகிறதென்று பார்க்க மனிதத்தன்மை உள்ள எவனும் துணியான். ஆயினும் காரணத்தையும் காரியத்தையும் பிரித்தறிய வேண்டுமாயின், ஒன்றை மாற்றி மற்றவற்றை மாற்றாமல் வைத்துப் பார்த்தல் இன்றியமையாதது. கேம்பிரிட்ஜில் வால்டன், ஹாமண்ட் என்ற இருவர் 1938-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு அழகிய சான்று. ஷயர் என்பது மிகப் பெரிய குதிரை இனம். ஷெட்லண்ட் என்பது மட்டக்குதிரை இனம். செயற்கை முறையிற் கருவூட்டி இவ்விரண்டையும் இருவழியாகவும் கலந்தனர். பெரிய தாயின் வயிற்றில் வளர்ந்த கலப்புக் குட்டி பெரிதாகவும், சிறிய தாயின் வயிற்றில் வளர்ந்த கலப்புக் குட்டி சிறிதாகவும் பிறந்தன. இருவகைக் குட்டிகளும் இவ்விரண்டு இனங்களுக்கே பிறந்தவை. ஆயினும் பிறக்கும்போது அவற்றின் உருவை வகுத்தது தாய் வயிறு. எந்தக் குதிரையின் உயிரையும் போக்காமலே கிடைத்த பெரிய பாடம் இது.

மனிதரை மட்டும் நோக்கியிருப்பின் நாம் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு நம் அண்டை மாநிலத்து மைசூரிலிருந்தே ஒரு சான்று கூறுவேன். அங்குள்ள ஹோல்ட்ஸ்வொர்த் மிஷன் மருத்துவமனையில், பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் எடையையும் குறித்துவைக்கும் நல்வழக்கம் இருந்தது. அங்கு 1934 முதல் 1954 வரை பிறந்தவர்களில் 517 பேரைப் பிற்காலத்தில் தேடிக் கண்டு சோதித்து, 1996-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அவர்களுள், இரண்டரைக் கிலோவும் அதற்குக் குறைவுமாகப் பிறந்தவருள் நூற்றுக்கு 11 பேருக்கு இருதயத் தமனி நோய் காணப்பட்டது, 3.1 கிலோவும் அதற்கு மேலுமாகப் பிறந்தவருள் நூற்றுக்கு 3 பேருக்கே காணப்பட்டது. கருவில் நேர்ந்த குறை அரை நூற்றாண்டு கழித்தும் உடலைத் தொடர்கிறது என்ற ஐயம், இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் என்பவர் முன்னரே எழுப்பியது. மைசூர்ப் பதிவேடுகள் அதற்குத் தென்னாட்டுச் சான்றாயின. பெயரறியாத செவிலியர் பலர் அன்றாடம் பொறுமையுடன் எழுதிவைத்த எண்கள் இங்ஙனம் உலகிற்குப் பயன்பட்டன.

எனினும் பதிவேடு எவ்வளவு செவ்வையாயினும், இரண்டு செய்திகள் சேர்ந்து நிற்பதைக் காட்டுமேயன்றி, ஒன்று மற்றொன்றை விளைத்தது என்று சாதிக்காது. எடை குறைந்து பிறந்தவர் வறிய குடியிற் பிறந்திருக்கலாம். வறுமையே பின்னாளில் நோயையும் தந்திருக்கலாம். இம்முடிச்சை அவிழ்க்க எலி வேண்டியதாயிற்று. 1964-ஆம் ஆண்டில் விக்கிள்ஸ்வொர்த் என்பவர், கருவுற்ற எலியின் கருப்பைத் தமனியை ஒரு பக்கத்தில் மட்டும் கட்டினார். எலியின் கருப்பை இரண்டு கொம்புகளாகப் பிரிந்தது. ஒவ்வொன்றிலும் குட்டிகள் வரிசையாக இருக்கும். கட்டிய பக்கத்தில் இரத்தம் குன்றிய குட்டிகள் மெலிந்தன. கட்டாத பக்கத்துக் குட்டிகள் இயல்பாக வளர்ந்தன. தாய் ஒன்று, உணவு ஒன்று, கூடு ஒன்று. மாறியது இரத்த ஓட்டம் ஒன்றே. 1994-ஆம் ஆண்டில் சவுதாம்ப்டனில், கருவுற்ற எலிகளுக்குப் புரதம் குறைந்த உணவளித்தபோது, அவற்றின் குட்டிகள் வளர்ந்தபின் உயர்ந்த இரத்த அழுத்தம் உடையனவாயின. 2001-ஆம் ஆண்டில், தமனி கட்டப்பட்ட எலிகளின் குட்டிகளுக்கு வளர்ந்தபின் நீரிழிவு தோன்றியது அறியப்பட்டது. எலிக்குக் குடிப்பிறப்பு இல்லை, கூலி வேலை இல்லை, கடன் இல்லை. ஆகவே கருவிற் பட்ட குறை தானே பிற்கால நோயை விளைக்கவல்லது என்பது தெளிவாயிற்று.

இதுவரை கூறியது தகும் என்ற கட்சியாருக்கு மகிழ்ச்சி தரும். ஆனால் எலி மனிதனல்லன் என்பதை அவர்கள் மறத்தலாகாது. மனிதத் தாய் 280 நாள் சுமக்கிறாள். எலி ஏறக்குறைய 22 நாள் சுமக்கிறது. மனிதத் தாய்க்குப் பெரும்பாலும் ஒரு பிள்ளை. எலிக்கு ஒரே ஈற்றில் பத்துக்கு மேலும் உண்டு. எலிக்குட்டி கண் திறவாமலும் மயிரின்றியும் பிறக்கிறது. அதன் மூளை வேகமாக வளர்வது பிறந்தபின்னரே. நஞ்சுக்கொடியிற் சிசுவின் இரத்தத்தைத் தாயின் இரத்தத்தினின்று பிரிக்கும் அணுப்படலம் மனிதருக்கு ஒன்று, எலிக்கு மூன்று. கினிப்பன்றிக்கு மனிதரைப் போலவே ஒன்று. அதன் கருவணுக்களும் தாயின் நாளங்களுள் ஆழச் செல்கின்றன. சுமக்குங் காலமும் ஏறக்குறைய 68 நாள். ஆயினும் அதன் குட்டி பிறந்த அன்றே ஓடும். ஆகவே மூளை வளர்ச்சியை ஒப்பிடுவதில் அதுவும் வேறு.

செம்மறியாட்டின் நிலையோ இவ்விரண்டினும் வேறானது. அது ஏறத்தாழ 147 நாள் சுமக்கிறது. ஒன்று அல்லது இரண்டு குட்டிகளை ஈனுகிறது. குட்டியின் எடை மனிதக் குழந்தையின் எடைக்கு அணித்தானது. கருவிலுள்ள குட்டியின் நாளத்தில் மெல்லிய குழாயைப் பொருத்தி, தாய் நின்று புல் மேய்ந்துகொண்டிருக்கும்போதே சிசுவின் இரத்தத்தை நாள்தோறும் சோதிக்கலாம். இதற்கு வேறொரு சிறு பிராணி ஈடாகாது. விக்கிள்ஸ்வொர்த் எலியை ஆராய்ந்த அதே 1964-ஆம் ஆண்டில், அலெக்ஸாண்டர் என்பவர், நஞ்சுக்கொடி ஒட்டும் இடங்களாகிய கருப்பைக் குமிழ்களிற் பலவற்றை ஆட்டினின்று முன்னரே நீக்கிவிட்டுப் பின் சினைப்படுத்தி, நஞ்சுக்கொடி சிறுத்தால் நேர்வதைக் கண்டார். ஆனால் ஆட்டின் நஞ்சுக்கொடியின் அமைப்பு நம்முடையதினும் மிக வேறுபட்டது. தாயின் இரத்தம் தன் குழாய்களை விட்டு வெளியே வருவதில்லை. மனித நோயின் வேராகிய சுருள் நாளக் குறையை ஆட்டிற் காண இயலாது. ஆகவே எலி ஒரு வினாவிற்கும், கினிப்பன்றி மற்றொரு வினாவிற்கும், ஆடு வேறொரு வினாவிற்கும் விடை கூறும். எந்தப் பிராணியும் எல்லா வினாக்களுக்கும் விடை கூறாது.

இவ்வுண்மையை உணர்ந்து நடந்தால் வரும் நன்மைக்கும், உணர்ந்தும் போதிய அளவு மதியாவிடில் வரும் தீமைக்கும் ஒவ்வோர் உதாரணம் கூறுவேன்.

நியூஸிலாந்தில் ஆக்லண்ட் நகரில் லிகின்ஸ் என்ற மருத்துவர், பிரசவத்தைத் தொடங்குவிப்பது எது என்றறியச் செம்மறியாடுகளை ஆராய்ந்தார். கார்டிசோன் இனத்து மருந்து செலுத்தப்பட்ட குட்டிகள் காலத்திற்கு மிக முன்னதாகப் பிறந்தன. அவ்வளவு முன்னதாகப் பிறந்த குட்டி மூச்சுவிடாமல் இறந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு குட்டி உயிருடன் இருந்தது. அதன் நுரையீரலில் ஓரளவு காற்றுப் புகுந்திருந்தது. தாம் தேடாத இவ்விடையை அவர் தள்ளிவிடவில்லை. 1969-ஆம் ஆண்டில் இதனை எழுதினார். ஹௌவி என்பவருடன் சேர்ந்து 282 தாய்மாரிடம் முறைப்படி சோதித்து 1972-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். எதிர்பாராது முன்கூட்டிப் பிரசவித்தவருள், மருந்து பெற்ற தாயாரின் குழந்தைகளில் முதல் நாட்களில் இறந்தவர் நூற்றுக்கு 3.2, பெறாதவரில் 15. வளர்ச்சி குன்றிய சிசுவை முன்னதாக எடுப்பதே ஒரே வழி என்று மேலே கூறினேன். அவ்வழி இன்று ஓரளவேனும் அச்சமின்றி நடக்கக்கூடியதாக இருப்பது அந்த ஆட்டுக்குட்டியால் என்பதை நாம் மறத்தல் நன்றியன்று.

இனி மற்றதைக் கூறுகிறேன். சில்டெனாபில் என்ற மருந்து இரத்தக்குழாய்களை விரியச் செய்வது. நஞ்சுக்கொடிக்குச் செல்லும் இரத்தத்தையும் இது மிகுவிக்குமானால் மெலிந்த சிசு தேறும் அன்றோ என்று அறிஞர் பலர் எண்ணினர். பிராணிகளிற் சோதித்தனர். 2010-ஆம் ஆண்டில் உணவு குறைத்து வளர்க்கப்பட்ட ஆடுகளிலும், 2012-ஆம் ஆண்டில் ஒருவகைச் சுண்டெலியிலும் சிசுக்களின் வளர்ச்சி தேறியது. ஆனால் அவற்றிற்கு முன்னரே 2009-ஆம் ஆண்டில், சிசுவின் தொப்புள்கொடித் தமனியொன்று கட்டப்பட்ட ஆடுகளில் இம்மருந்து கருப்பையின் இரத்த ஓட்டத்தையும் சிசுவின் பிராணவாயுவையும் குறைத்தது என்று ஆஸ்திரேலிய அறிஞர் எழுதியிருந்தனர். சாட்சிகள் இங்ஙனம் மாறுபட்டு நின்றன. மேலும் இவ்வாராய்ச்சிகளிற் பெரும்பாலும் அளக்கப்பட்டவை சிசுவின் எடையும் இரத்த ஓட்டமும். பிறந்தபின் அதன் நுரையீரல் என்னாகும் என்பது முதல் வினாவாக நிற்கவில்லை. பின்னர் பல நாடுகளில் தாய்மாரிடம் சோதனை தொடங்கிற்று. பிரிட்டனில் 135 தாய்மாரிடம் நடந்த சோதனையில் நன்மை காணப்படவில்லை. நெதர்லாந்தில் 2015-ஆம் ஆண்டில் தொடங்கிய சோதனை 2018-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நடுவிலேயே நிறுத்தப்பட்டது. அதிற் சேர்ந்த தாய்மார் 216 பேர். மருந்து பெற்ற தாய்மாரின் குழந்தைகளில் 16 பேருக்கும், வெறும் மாத்திரை பெற்றவரின் குழந்தைகளில் 4 பேருக்கும் நுரையீரல் நாளங்களில் இரத்த அழுத்தம் மிகும் கொடிய நோய் காணப்பட்டது. மருந்து பெற்ற தாய்மாரின் குழந்தைகள் சிலர் அந்நோயால் இறந்தனர்.

அச்சோதனையை நடத்தியவரைக் குற்றங்கூறுவது என் கருத்தன்று. அவர்கள் நன்னோக்கம் உடையவர், விதிப்படி நடந்தவர், தீங்கு தெரிந்தவுடன் நிறுத்தியவர். இங்ஙனம் ஒழுங்காகச் சோதியாமல், நம்பிக்கையை மட்டும் நம்பி மருத்துவர் தத்தம் போக்கில் இம்மருந்தைக் கொடுத்து வந்திருப்பின், இறந்த குழந்தைகளின் கணக்கே நமக்குத் தெரிந்திராது. ஆயினும் ஒன்று கூறவேண்டும். பிராணிகள் பொய் கூறவில்லை. அவை மாறுபட்டுக் கூறின. அம்மாறுபாடே அவை தந்த செய்தி. ஆடு ஒரு நிலையில் ஆம் என்றும் மற்றொரு நிலையில் இல்லை என்றும் கூறுமாயின், இரண்டிற்கும் காரணம் காணும்வரை தாயினிடம் செல்லாமை நலம். விரும்பிய விடையைத் தந்த பிராணியை நம்பி, விரும்பாத விடையைத் தந்ததை ஒதுக்குதல் மனித இயல்பு. அதற்கு இடங்கொடுக்கும்போது, அவ்விரண்டாம் பிராணி வீணே இறந்ததாகிறது.

இங்கே தகாது என்ற கட்சியாருக்கு விடை கூறக் கடமைப்பட்டிருக்கிறேன். சிபி தன் தசையைத் தந்தான். நாமோ பிறிதின் தசையை எடுக்கிறோம் என்ற அவர்கள் சொல் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் துலாக்கோலின் மறுதட்டில் இருப்பது நம் சுவையோ அலங்காரமோ அன்று. பிறவாத சிசுவின் உயிர். கல்லூரி விலங்கியல் வகுப்புகளில் தவளை முதலியவற்றை அறுத்துப் பழகும் வழக்கம் 2011-ஆம் ஆண்டிற்குப் பின் படிப்படியாக நீக்கப்பட்டதை நான் மனமார வரவேற்கிறேன். அங்கு முன்னரே தெரிந்த விடையையே மீண்டும் மீண்டும் அறுத்துப் பார்த்தோம். இங்கோ எவருக்கும் தெரியாத விடை தேடப்படுகிறது. இவ்வேறுபாட்டை நம் சட்டமும் அறியும். 1952-ஆம் ஆண்டில் மாநிலங்களவை உறுப்பினரான ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் எடுத்த முயற்சியின் பயனாக, 1960-ஆம் ஆண்டில் பிராணிவதைத் தடைச் சட்டம் நிறைவேறிற்று. அறிவு வளர்ச்சிக்கும் உயிர் காத்தற்குமான சோதனையை அச்சட்டம் விலக்கவில்லை. மயக்கமருந்தின்றி அறுத்தலையும், கைப்பழக்கத்திற்காக மட்டும் செய்தலையும் தடுக்க வழிசெய்கிறது. சிறு பிராணியைக் கொண்டு அதே முடிவைப் பெறக்கூடுமாயின் பெரிய பிராணியைத் தவிர்க்கவும் சொல்கிறது. அதே முடிவு என்ற சொல்லை நாம் ஊன்றிப் படித்தல் வேண்டும். ஆடு ஒன்றே விடை கூறவல்ல வினாவை நூறு எலிகளிடம் கேட்பது கருணையுமன்று, அறிவுமன்று.

ரஸல், பர்ச் என்ற இருவர் 1959-ஆம் ஆண்டில் எழுதிய நூலில், பிராணிக்கு மாற்று உண்டாயின் அதைக் கொள்க, இல்லையாயின் எண்ணிக்கையைக் குறைக்க, அதிலும் துன்பத்தைத் தணிக்க என மூன்று விதி வகுத்தனர். இவற்றோடு இந்நோயைப்பற்றி நான் வேண்டுவன மூன்று. ஒன்று, கருவுற்ற தாய்க்கு ஒரு புதிய மருந்தைக் கொடுக்குமுன், நஞ்சுக்கொடியின் அமைப்பில் வேறுபட்ட இரண்டு பிராணி வகைகளிலேனும் அது சோதிக்கப்படுக. இரண்டு, சிசுவின் எடையோடு நில்லாமல், பிறந்த குட்டி மூச்சுவிட்டு வளர்ந்து பருவமடையும்வரை நோக்கப்படுக. மூன்று, நன்மை கண்ட முடிவைப் போலவே தீமை கண்ட முடிவும் மறையாமல் அச்சேறி, சமமாக எடைபோடப்படுக. இம்மூன்றிற்கும் காலமும் பொருளும் செல்லும் என்பதை அறிவேன். காத்திருக்கும் காலத்திற் பிறக்கும் குழந்தைகளின் துயரையும் அறிவேன். ஆயினும் விரைவு அக்குழந்தைகளுக்குத் துணையாகும் என்பதை 2018-ஆம் ஆண்டிற்குப் பின் என்னால் எளிதில் நம்ப இயலவில்லை.

மாற்று வழியும் வளர்ந்து வருகிறது. 2018-ஆம் ஆண்டிலேயே, மனித நஞ்சுக்கொடியின் அணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் சிற்றுருவாக வளர்க்கும் முறையைக் கேம்பிரிட்ஜ் அறிஞரும் பிறரும் வெளியிட்டனர். ஒவ்வொரு பிரசவத்திலும் எவருக்கும் துன்பமின்றி வெளிப்படும் நஞ்சுக்கொடி, ஆராய்வார் கையிற் சேருமுன் மண்ணுக்குப் போகிறது. தாயின் சம்மதத்துடன் அதனை எடைபோட்டு, நோக்கிக் குறித்துவைத்தல் சிறிய மருத்துவமனையிலும் இயலும். மைசூரில் அச்செவிலியர் எழுதிய எண்கள் அறுபது ஆண்டு கழித்துப் பயன்பட்டதை நினைத்துப் பாருங்கள்.

நம் மாணவருட் சிலர் பின்னாளில் மருத்துவராகவும் ஆராய்ச்சியாளராகவும் ஆவர். கூண்டின்முன் நிற்கும் நாள் அவர்களுக்கு வரும். அன்று இது தகுமா தகாதா என்று பொதுவிற் கேட்டு நின்றுவிடாமல், என் வினா யாது, இப்பிராணி அதற்கு விடை கூறவல்லதா, அது கூறும் விடை எனக்கு உவப்பில்லாவிடினும் ஏற்பேனா என்று தம்மைத் தாமே கேட்பாராக. மூன்றிற்கும் ஆம் என்று சொல்லக்கூடியவர் மட்டும் கூண்டைத் திறக்கட்டும்.